தேய்க்காமல் விட்ட பல்

மருத்துவமனையிலிருந்து வந்த பையில் மேல்வாய் அச்சும் கீழ்வாய் அச்சும் ஈரத்துணி சுற்றி இருந்தன. சீட்டை எடுத்துப் படித்தேன். முழு செட், ஆண், வயது அறுபத்தெட்டு. பெயரைப் பார்த்ததும் சீட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் மனைவியின் அண்ணன்.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ஈறு நிற அக்ரிலிக்கில் வேகவைத்து, மெருகேற்றிக் கொடுப்பேன். முப்பத்தோரு வருடமாக இதுதான் பிழைப்பு. யாருடைய வாய் என்று நான் விசாரித்ததில்லை. அவர்களும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

மச்சானோடு பேச்சு நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. என் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து, உறவுக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு நாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா என் தங்கச்சி இருந்திருப்பா, மாப்ள" என்றார். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் துக்கத்தில் உளறுகிறார் என்று நாலு பேர் சமாதானம் சொல்லியிருப்பார்கள். அவர் மெதுவாகச் சொன்னதால் எல்லார் காதிலும் விழுந்தது.

அது பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். காய்ச்சல் முதல் நாளே அவளைப் புரட்டிப் போட்டது. என் மேசையில் அவசரம் என்று குறித்த நாலு செட் கிடந்தன. எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் வேலையை முடியுங்கள் என்று அவள் சொன்னாள். அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. இந்த வசதியைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஜெபத்தில்கூட.

ஒரே சபைதான் எங்களுக்கு. அவர் வலது வரிசை, நான் இடது வரிசை. ஆயர் இரண்டு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மன்னித்துவிட்டேன் ஐயா, அவர்தான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்றேன். தினமும் காலையில் முழங்கால் போட்டு, மச்சானை மன்னிக்கிற மனதைத் தாரும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நான் தயார், உம் பக்கம்தான் தாமதம் என்கிற தோரணையில்.

அந்த செட்டை நன்றாகத்தான் செய்தேன். முன்பற்களை அவருடைய பழைய சிரிப்புக்கு ஏற்றபடியே அடுக்கினேன். வேகவைத்து எடுக்கும்போது பற்கள் ஒரு மயிரிழை உயர்ந்துவிடுவது வழக்கம். மேல் செட்டையும் கீழ் செட்டையும் கருவியில் பூட்டி, நடுவில் நீலத்தாளை வைத்துக் கடிக்கவைத்துப் பார்த்து, அழுத்தமாக நீலம் பதிகிற பல்லைத் தேய்த்து இறக்க வேண்டும். வலதுபக்கக் கடைவாய்ப் பல்லில் நீலம் அப்பிக்கொண்டு நின்றது. தேய்க்கும் கருவியைக் கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். நானாக எந்தக் கெடுதலும் செய்யவில்லை, செய்ய வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் என் கையை நம்புகிறவர். கடித்துப் பாருங்கள், பழகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் பாடவில்லை. பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுக்கும் குரல் எங்கள் சபையில் அவருடையதுதான். இப்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டை மூடி நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது. வயதாகிறது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே ஒரு மூலையில் எனக்கு இனித்தது. அதை இல்லை என்று சொன்னால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது மாதம் திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் உள்ள கம்பி அழியருகே முழங்காலிட்டவர்களில் எனக்கு முன்னால் மூன்றாவது ஆளாக அவர் இருந்தார். ஆயர் அப்பத்தின் துண்டை அவர் கையில் வைத்தார். வாயில் போட்டு, இடது கன்னத்துக்குத் தள்ளி, மெல்ல முயன்றார். முகம் சுருங்கியது. மறுபடி முயன்றார். கண்ணை மூடி, அதை நாக்கிலேயே வைத்து ஊறவிட்டுக் காத்திருந்தார். விரல் நுனி அளவு அப்பம். அதையும் அவர் வாயில் முள்ளாக்கி வைத்திருந்தேன்.

ஆயர் என் முன்னால் வந்து நின்றார். நான் நீட்டியிருந்த கையைப் பார்த்தேன். கழுவிய கைதான். மடக்கிக்கொண்டு எழுந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, மன்னிக்கிற மனது வேண்டும் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். வார்த்தை ஓடவில்லை. ஆறு வருடமாகக் கேட்ட மன்னிப்பு எல்லாம் அவருக்காக. எனக்கென்று ஒரு தடவையும் கேட்டதில்லை. ஆண்டவரே, நான்தான், என்றேன். கோபம் கரைந்துபோனது என்று சொல்ல மாட்டேன். அது உட்கார்ந்திருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் சின்னத் தேய்ப்புக் கருவியையும் நீலத்தாளையும் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மச்சானின் மனைவி, அக்காதான் கதவைத் திறந்தார். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தபடியே நின்றுவிட்டு வழிவிட்டார். ரெண்டு மாதமாக எல்லாவற்றையும் கரைத்துத்தான் குடிக்கிறார் என்று, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார். மச்சான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்தேன்.

"மச்சான், அந்த செட்டு நான் செஞ்சது. வலது பக்கம் ஒரு பல்லு உசரமா இருக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தேய்க்காம விட்டேன்."

அக்கா அடுப்படிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"நீ செஞ்சதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் மச்சான். "வேற இடத்துல மாத்திச் செய்யச் சொல்லவான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன். மாப்ள வேலையில தப்பு வராது, என் வாய்தான் கோணல்னு சொன்னேன்."

என்னை அவர் அடித்திருக்கலாம். இதைக் கேட்டபடி நிற்பதற்கு அது எவ்வளவோ தேவலை. தலையைக் குனிந்துகொண்டு, அன்றைக்கு நீங்கள் கூடத்தில் சொன்னது உண்மைதான் மச்சான் என்றேன். அந்த ரெண்டு நாளையும், மேசையில் கிடந்த நாலு செட்டையும், அவள் சொன்னதையும், எனக்கு அது வசதியாக இருந்ததையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை அவர் குறுக்கிடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு வாயிலிருந்து இரண்டு செட்டையும் கழற்றி, துண்டிலேயே துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தன.

புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். குழாயடியில் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். அவர் வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தார். வெறும் ஈறு. வலது பக்கம் பின்னால் வெள்ளையாக ஒரு புண், சுற்றிலும் ரத்தச் சிவப்பு. என் விரல் பட்டதும் அவர் தோள் ஒரு முறை உள்ளே ஒடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். வாயை மூடவில்லை.