மருந்து குடிக்காத பெட்டி

ஈ செத்த பெட்டிகளுக்கு மருந்து கொடுத்தீர்களா என்கிறான். எந்த மருந்து என்று கேட்டால், எடக்குப் பேசுகிறேன் என்பான். கேட்காவிட்டால் படிவத்தில் தப்பாக எழுதிக்கொண்டு போவான். எடக்கே மேல்.

"எந்த மருந்து தம்பி?" என்றாள் ஜீவராணி.

தேனீத் திட்டத்திலிருந்து வந்திருந்த அன்டன் பேனாவை நிறுத்தினான். "நான் குடுத்த மருந்துக்கா. வேற எது?"

"மலையில அடிச்சாங்களே, அதும் மருந்துதான்."

"அது புல்லு மருந்து. அதுக்கு ஃபோம்ல இடமில்ல."

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மூன்று தேனீப் பெட்டிகள். கூட்டில் ஈப்புழுக்கள் அழுகியபோது அன்டன் ஒரு மஞ்சள் தூளைக் கொடுத்து, சீனிப்பாகில் கலந்து வைக்கச் சொன்னான். கிருமியைக் கொல்லுமாம். இரண்டு பெட்டிக்கு வைத்ததும் வீட்டில் சீனி தீர்ந்துவிட்டது. மறுவாரம் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தார்கள். தூள் குடித்த இரண்டு பெட்டி ஈக்களையும் அவள் விளக்குமாற்றால் கூட்டி அள்ளினாள். சீனி கிடைக்காத பெட்டியில் கொஞ்சம் செத்தன. மிச்சம் வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தன.

போன வருடம் இருமலுக்கு டிஸ்பென்சரியில் கொடுத்த வில்லைகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. இருமல் நின்றது, வயிறு ஒரு வாரம் வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கே போக விடவில்லை. நல்ல கிருமியும் சேர்ந்து செத்திருக்கும், தயிர் சாப்பிடு என்றார்கள். ஈக்கும் வயிறு உண்டுதானே. உள்ளே காவலுக்கு இருந்ததை நானே கொன்றுவிட்டு, வெளியே அடித்தவனை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். இதைத் தன்னிடமே ஒப்புக்கொள்ள அவளுக்கு ஒன்பது நாள் பிடித்தது.

அன்டனிடம் வயிற்றுக் கதையை மட்டும் சொன்னாள்.

"அப்ப ஈக்குத் தயிர் வாங்கிக் குடுக்கவா?" என்று சிரித்தான். "மூணாவதுக்கும் குடுத்தாத்தான்க்கா ரிப்போட் முழுசாகும். இல்லேன்னா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. சீனி இல்லேன்னு சொல்லுவீங்கன்னு மஸ்கெலியா டவுன்ல நானே வாங்கிட்டு வந்தேன். இப்பவே கலக்குங்க."

ஒரு கிலோ சீனியையும் புதுப் பொட்டலத்தையும் நீட்டினான். ஜீவராணி இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் கொதித்தது. கரண்டி சுற்றும் சத்தம் கேட்டு, 'கொடுத்தது' என்ற கட்டத்தில் அன்டன் சரி போட்டான்.

அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். அதன் பக்கத்தில் பிரிக்காத பொட்டலத்தை வைத்தாள்.

"குடிங்க தம்பி. சீனி தூக்கலாத்தான் போட்டிருக்கேன். அந்தப் பெட்டிக்கு வேணாம்."