பாடாமல் விட்ட பாட்டு

நர்ஸ் மார்லிஸுக்குக் கால் விண்விண்ணென்று தெறித்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்ற பயத்தில் நின்றுகொண்டே, உறைந்த பை வெந்நீர்த் தொட்டியில் இளகுவதைப் பார்த்தாள். உள்ளே இருந்தவை, கட்டிலில் கிடந்த நோயாளி டுவெய்னிடமிருந்து முன்பே எடுத்துச் சேமித்த, ரத்தத்தை உண்டாக்கும் உயிரணுக்கள். அவர் எலும்பு மஜ்ஜையைப் புற்றுநோய்க்குக் கொடுத்த கடும் மருந்து துடைத்துப் போட்டுவிட்டது. இனி இவை உடம்பில் பிடித்தால்தான் ஆள் பிழைப்பார்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலிருந்த அந்த மருத்துவமனையில் அணுக்கள் ஏறும் நாளுக்குப் புதுப் பிறந்தநாள் என்று பெயர். நர்ஸ்கள் கட்டிலருகே நின்று பிறந்தநாள் பாட்டுப் பாடுவார்கள். மார்லிஸும் தொண்டை கிழியப் பாடியவள்தான். போன இலையுதிர்காலத்தில், அவள் பாடி வாழ்த்திய ஓர் இளம்பெண் செத்துப்போனாள். அன்றோடு பாட்டை விட்டுவிட்டாள். ஆசை காட்டி மோசம் செய்கிற பிழைப்பு போதுமென்று ஆகிவிட்டது.

பாட யாரையும் கூப்பிடாமல் பையை மாட்டினாள். சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"என்னம்மா இது, மக்காச்சோளம் வேகுற வாசனை?" என்றார் டுவெய்ன்.

"அணுவைக் கெடாம வைக்கிற மருந்து. உங்க மூச்சுலதான் வருது. இந்தாங்க, ஆரஞ்சுச் சுளையை வாயில அடக்கிக்குங்க."

"ஆயுசு பூரா சோளம் விதைச்சேன். கடைசியில நானே சோளமாயிட்டேனா?"

மார்லிஸுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. ரத்த அழுத்தம் பார்த்தாள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்து ரூம்ல நேத்து நர்ஸுங்க பாடுனாங்களே..."

"எல்லாரும் வேலையா இருக்காங்க."

"உனக்குப் பொய் சொல்ல வரலைம்மா. தேறமாட்டான்னு தெரிஞ்சவனுக்குப் பாடமாட்டீங்க, அப்படித்தானே?"

மார்லிஸுக்குச் சுரீரென்றது. தன் அலுப்பை இந்த மனுஷர் அவருடைய சாவுச் சேதியாக எடுத்துக்கொண்டாரே! வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், பாடினாள். அவர் பெயர் வரும் இடத்தில் குரல் உடைந்தது.

"எங்க கன்னுக்குட்டி இதைவிட நல்லாக் கத்தும்," என்றார் டுவெய்ன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ரொம்பத்தான்! அடுத்த வருஷம் ஒழுங்காப் பாடுறேன், போதுமா?"

சொன்ன பிறகுதான் திக்கென்றது. அடுத்த வருஷம் என்ற பேச்சையே இனி எந்த நோயாளியிடமும் எடுப்பதில்லை என்றிருந்தாள். வாய் முந்திக்கொண்டது.

டுவெய்ன் அவளை உற்றுப் பார்த்தார். இந்த முறை பொய்யா என்று அவர் கேட்கவில்லை.

"அப்ப நான் வந்துதானே ஆகணும்," என்றார்.

பை வற்றும்வரை மார்லிஸ் நாற்காலியை விட்டு எழவில்லை.