ஈயத்துக்கு அடங்காதது

"சோர்ஸை இன்னும் வைக்கவே இல்லையே ஆஸ்டின். இது எதை எண்ணுது?"

சுபஸ்ரீ கேட்டாள். கல்லூரி இயற்பியல் துறையில் அவளுடைய அறை அது. மேஜையில் நியூட்ரானை எண்ணும் கருவி மட்டும் இருந்தது. நியூட்ரானை உமிழும் அந்தச் சிறிய உலோகக் குப்பியை யாரும் எடுத்து வரவில்லை. ஆனாலும் திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன.

"கேபிள் லூசா இருக்கும் மேடம், தட்டிப் பாருங்க" என்றான் ஆஸ்டின். துறைக்குப் புதிதாக வந்த ஆசிரியன்.

ஏழு மாத வயிற்றோடு குனிந்து தட்டினாள். எண்கள் ஓட ஆரம்பித்தன. பின்னால் நகர்ந்தாள், தணிந்தன. மறுபடி நெருங்கினாள், ஓடின.

"உங்களைக் கண்டா பசங்க மாதிரி அதுக்கும் படபடப்பு மேடம்."

சுபஸ்ரீ சிரிக்கவில்லை. அந்தக் கருவிக்கு வேகம் குறைந்த நியூட்ரான்தான் நன்றாக அகப்படும். வேகத்தைக் குறைப்பது தண்ணீர், மெழுகு. அல்லது ஓர் உடம்பு. ஏதோ ஒன்று அவளுக்குள் புகுந்து, தளர்ந்து, வெளியே வந்து விழுகிறது.

"சோர்ஸ் எங்க இருக்கு?"

"ஸ்டோர் ரூம் ஒழுகுச்சுல்ல? நீங்க வளைகாப்பு லீவுல இருந்தப்போ பக்கத்து ரூமுக்கு மாத்திட்டேன். சுத்தி ஈயக்கட்டி, ரெண்டு அடுக்கு. கதிர்வீச்சைக் காட்டுற கைகர் கவுன்டர் வச்சுப் பார்த்தேன், மூச்சே காட்டல."

"கைகருக்கு நியூட்ரான் தெரியாதே! சோர்ஸைச் சுத்தி இருந்த மெழுகுப் பாளம் எல்லாம் எங்க?"

"எலி கடிச்சுக் கெடந்துச்சு. எக்ஸ்-ரே ரூமுக்கே ஈயம்தானே, இது எதுக்குன்னு வராந்தாவுல போட்டேன். சர்ச் அற்புதசாமி அண்ணன் கேட்டாரு, குடுத்துட்டேன்."

பக்கத்து அறையின் சுவர், சுபஸ்ரீயின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

"வெளிய வாங்க. உடனே."

மாடியைப் பூட்டச் சொல்லி முதல்வரிடம் பேசினாள். மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் தகவல் போயிற்று. மைதானத்தின் மறுகோடிக்குப் போன பிறகுதான் ஆஸ்டினுக்கு விளக்கினாள்.

"ஈயம் கனமான அணு. நியூட்ரான் அதுல மோதினா, சுவத்துல அடிச்ச பந்து மாதிரி வேகம் குறையாம திரும்பும். தன்னளவு எடையுள்ளதுல மோதினாத்தான் தளரும். ஹைட்ரஜன்ல. அது மெழுகுல இருக்கு, தண்ணில இருக்கு..."

கையை வயிற்றின் மேல் வைத்தாள். ஆஸ்டின் அவள் கை இருந்த இடத்தைப் பார்த்தான்.

"மேடம், நான் லேசர் படிச்சவன்..."

"அது அப்புறம். இப்ப மெழுகு வேணும்."

கல்லூரிச் சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அற்புதசாமி, கூப்பிட்டதும் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"உருக்கிட்டேனே தாயி! நாளைக்குக் கல்லறைத் திருநாளாச்சே. கல்லறையில ஏத்தப் பூராவும் மெழுகுவத்தியா மூட்டைல இருக்கு."

"ஏத்தலையே?"

"இன்னும் இல்ல. விஷமா தாயி? இந்தக் கையாலதான் ஊத்தினேன்."

"மெழுகுல ஒண்ணும் ஒட்டியிருக்காது அண்ணே. பயப்படாதீங்க."

மூட்டைகளைக் கொண்டுவரச் சொன்னாள்.

ஆஸ்டினும் இன்னும் சிலரும் மூட்டைகளோடு மாடிக்குப் போனார்கள். அவள் மைதானத்தில் நின்றபடியே போனில் சொன்னாள்.

"ஈயத்தைப் பிரிக்காதீங்க, உங்க மேலதான் படும். அதைச் சுத்தி மெழுகுவத்தி. ஒரு வரிசை படுக்க, அடுத்தது குறுக்க. சந்து விட்டா நேரா வந்துடும். அதுக்கு வெளிய தண்ணிக் கேன். ஸ்போர்ட்ஸ் ரூம்ல கேரம் பவுடர் இருக்கும், டப்பால போரிக்னு போட்டிருந்தா தண்ணில கரைங்க. தளர்ந்து வர்றதை அது முழுங்கிடும். யாரும் அங்க நிக்காதீங்க, மாத்தி மாத்திப் போங்க."

வெயில் சாய்ந்தபோது ஆஸ்டின் அவள் அறைக்குள் போய், அங்கிருந்து போனில் பேசினான்.

"கருவியில எப்பவாவது ஒண்ணு விழுது மேடம்."

"கருவிக்குக் கிட்ட போங்க."

"போயிட்டேன். ஏறல."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க மேல எவ்வளவு பட்டிருக்கும்னு கணக்கும் போட்டேன் மேடம். கர்ப்பிணிகளுக்கான வரம்புக்கு ரொம்பக் கீழ வருது."

"நாற்காலி சுவத்துலேருந்து எவ்வளவு தூரம்னு வச்சீங்க?"

"ஒரு மீட்டர்."

இடுப்பு வலிக்கிறதென்று நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நாள் முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"திரும்பப் போடுங்க. சுவத்தை ஒட்டி."

காத்திருந்தாள். அற்புதசாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"வரம்பை ஒட்டி வருது மேடம்."

"ஒட்டின்னா? கீழயா, மேலயா?"

"கீழதான். ஆனா ரொம்பக் கீழ இல்ல."

அந்த அழைப்பு முடிவதற்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து மாமியாரின் அழைப்பு வந்தது.

"கிளம்பிட்டியாடி? காவேரிப் பாலத்துல இந்நேரம் கூட்டமா இருக்குமே."

"வரேம்மா. முதல்ல டாக்டரைப் பார்க்கணும். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேளா?"

"ஏண்டி, என்னாச்சு?"

கையை அசைத்தபோது கண்ணாடி வளையல்கள் ஒலித்தன. அவற்றை மறுகையால் பிடித்து நிறுத்தினாள்.

"தனியா போய்க் கேக்க பயமா இருக்கும்மா."