எழுந்திருக்க எடுக்கும் நேரம்

அலுவலகத்தில் அவருக்குக் கவர்னர் என்று பெயர். கொடி கட்டிய காரெல்லாம் கிடையாது, பஸ்ஸில்தான் வருவார். கணினிக்குள்ளே கெர்னல் என்று ஒரு நிரல் உட்கார்ந்து எல்லா வேலையையும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. வேலை இல்லாதபோது ப்ராசஸரின் வேகத்தை இறக்கி பேட்டரியை மிச்சம் பிடிப்பதும், வேலை வந்ததும் வேகத்தை ஏற்றுவதும் அதில் ஒரு பகுதி. அந்தப் பகுதியைத் தொழிலில் கவர்னர் என்பார்கள். புது லேப்டாப்புக்கு அதை எழுதியவர் இவர். பெயர் ஒட்டிக்கொண்டது, அவருக்கும் உள்ளூரப் பெருமைதான்.

சோதனைப் பிரிவு அக்கா ஒரு வாரமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டு டைப் பண்ணினா முதல் நாலஞ்சு எழுத்து வரமாட்டேங்குது. அப்புறம் மொத்தமா வந்து விழுது."

கவர்னர் போய் முதலில் தன்னுடைய பச்சை ஜன்னலைத் திரையில் திறப்பார். ப்ராசஸர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று கோடு வரைந்து காட்டும் சின்ன நிரல் அது. அவரே எழுதியது, பச்சை நிறம்கூட அவர் பார்த்துப் பொறுக்கியது. பிறகு டைப் செய்வார். எழுத்து வழுக்கிக்கொண்டு வரும்.

"என் கண்ணுல படலையே அக்கா," என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அன்றைக்கு அப்படி வர முடியவில்லை. அக்கா சரி என்று சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று மேலாளர் உத்தரவு போட்டுவிட்டார். அன்று மாலைதான் மனைவியின் நாடகம். ஏற்கெனவே இரண்டு நாடகத்துக்கு வருகிறேன் என்று சொல்லி இரண்டுக்கும் கைவிரித்தவர் அவர். இதற்கும் போகாவிட்டால் வீட்டில் சாப்பாடு கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

மனைவிக்கு நோயாளி வேடம். நாடகம் முழுக்கக் கட்டிலில் படுத்திருந்து, கடைசியில் எழுந்து ஒரே ஒரு வசனம்.

"படுத்திருக்கறதுக்கு ஒத்திகை வேறயா?" என்று வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"படுத்திருக்கறதுல என்ன இருக்கு? சரியான நேரத்துல எழுந்திருக்கறதுதான் வித்தை," என்றாள் அவள்.

நாடகத்தைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே கவர்னர் அக்காவின் மேசைக்கு ஓடினார், ஜன்னலைத் திறந்தார், டைப் செய்தார். "பாருங்க, நல்லாத்தானே வருது!"

"நீங்க வந்தா மட்டும் வருது. மாமியாரைக் கண்ட புது மருமக மாதிரி என்ன சுறுசுறுப்பு! தள்ளுங்க. முதல்ல இந்தப் பச்சையை எடுங்க, நான் டைப் பண்ற இடத்தையே மறைக்குது."

அக்கா ஜன்னலை மூடினார். பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். பிறகு டைப் செய்தார். திரை வெறிச்சென்று இருந்தது. சற்றுப் பொறுத்து எழுத்துகள் முண்டியடித்துக்கொண்டு வந்து விழுந்தன.

கவர்னர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்தார், ஒழுங்காக வந்தது. மூடினார், மாட்டிக்கொண்டது. கோடு வரைவதற்காக அந்த ஜன்னல் ப்ராசஸரை ஓயாமல் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது, வேகம் இறங்கவே இல்லை. தூங்கிட்டியா, தூங்கிட்டியா என்று பிள்ளையை உலுக்கிவிட்டு, இது தூங்கவே மாட்டேன் என்கிறது என்று சொன்ன கதைதான். ஜன்னல் இல்லாதபோது வேகம் அடிமட்டத்துக்குப் போனது. விசையைத் தட்டினாலும், இந்த வேலை நிலைக்குமா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் ஏறியது. அவ்வளவு நேரம் காத்திருக்கச் சொன்ன மகானுபாவர் யார்? பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று சாட்சாத் இவரேதான்.

"தப்பு என்னுதுதான்கா."

"இதை ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா இந்நேரம் முதல் வரிசைல உக்காந்திருக்கலாம்."

காத்திருப்பைக் குறைத்து, கெர்னலை மறுபடி தயாரித்து லேப்டாப்பில் ஏற்றுவதற்குள் வெளியே இருட்டத் தொடங்கியது. அக்கா டைப் செய்தார், சும்மா விட்டார், மறுபடி டைப் செய்தார்.

"சரியாயிடுச்சா அக்கா?"

"என் கண்ணுல இன்னும் படலையே," என்றார் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். கவர்னருக்கு அழுகை வராத குறை. அதைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு மனசு இளகியது. "சரியாயிடுச்சு. பேட்டரி எவ்வளவு நிக்குதுன்னு நான் பாத்துக்கறேன். ஓடுங்க தம்பி."

அரங்கத்தின் கதவைத் திறந்தபோது உள்ளே கும்மிருட்டு. மேடையில் கட்டில், அதன்மேல் மனைவி. சுற்றிலும் உறவுக்காரர்கள் வீடு யாருக்கு என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வேடக்காரர் நாடியைப் பார்த்துவிட்டு, "இனிமே எழுந்திருக்க மாட்டாங்க," என்றார்.

காது புளிக்க வீட்டில் கேட்ட வசனம் அது. அதைக் கேட்டதும் அவள் எழ வேண்டும். எழவில்லை.

கவர்னர் ஒரு நாற்காலியில் முட்டியை இடித்துக்கொண்டார். யாருடைய காலையோ மிதித்தார், "கண்ணு தெரியலையா?" என்று வாங்கிக்கொண்டார். அவள் அப்போதும் எழவில்லை. டாக்டர் இரண்டாம் முறை நாடி பார்த்தார். ஐயோ, இங்கேயும் மாட்டிக்கொண்டதே என்று கவர்னர் பதறினார். கைக்குத் தட்டுப்பட்ட காலி இருக்கையில் தொப்பென்று விழுந்தார்.

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். "எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்," என்றாள். கைதட்டலில் அரங்கமே அதிர்ந்தது.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "என் உயிரே போயிடுச்சு. அவ்வளவு நேரமா? வசனம் மறந்துட்டியா?"

"எனக்கா மறக்கும்? ஒத்தைக் கண்ணைத் திறந்து பாத்தேன். ஒரு மனுஷன் இருட்டுல இடிச்சுக்கிட்டு, திட்டு வாங்கிக்கிட்டு, சீட்டு தேடிட்டிருந்தாரு. பாவம், உக்காரட்டும்னு படுத்திருந்தேன்."