கருங்கல் என்று நான் சேர்த்த சொல்

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் போகப்போக மழுப்பிவிடுவேன். பள்ளிகளுக்கான கலைச்சொல் கையேடு ஒன்றில் இப்படி எழுதினேன்: 'திசையொப்பு: ஒரு பொருளின் பண்பு எந்தத் திசையில் அளந்தாலும் ஒன்றாகவே இருத்தல். எடுத்துக்காட்டு: கண்ணாடி, கருங்கல்.'

கண்ணாடி சரி. கருங்கல்லை ஏன் சேர்த்தேன்? ஒரே ஒரு உதாரணத்தோடு வரி மொட்டையாக நின்றது. அவ்வளவுதான் காரணம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'சமயநல்லூர்ச் சாலையில் வெயில் மெல்ல—' வேண்டாம். ஒரு மனிதர் விழப்போகிறார், எனக்கு வெயில் கேட்கிறதா?

இரண்டாம் முயற்சி. சமயநல்லூரில் ஹெப்சிபா என்ற இயற்பியல் ஆசிரியை வீடு கட்டினாள். மாடிப்படிக்குக் கருங்கல் பலகைகள். ஒரு முனை சுவருக்குள், மறுமுனை அந்தரத்தில். அது அவள் ஆசை. வந்து இறங்கிய கற்களைக் கொத்தனார் விருமாண்டி சுத்தியலால் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"டீச்சர், இத அறுத்தவன் திசை பாக்காம அறுத்துப்புட்டான். கல்லு ஒரு பக்கமாத்தான் லேசாப் பொளக்கும். இப்படி நீட்டி வச்சா மிதிக்கயில பட்டுன்னு போயிரும். வேற எடுப்போம்."

புதுவீட்டு ஜெபத்துக்குப் பத்தே நாள். பாஸ்டரிடம் தேதி சொல்லியாயிற்று. ஹெப்சிபா என் கையேட்டை எடுத்துவந்து திறந்து காட்டினாள்.

"கல்லுக்கு எல்லாத் திசையும் ஒண்ணுதாண்ணே. பாருங்க, அச்சுலயே இருக்கு."

விருமாண்டி கையை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் பக்கத்தைத் தொட்டார். எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"அச்சுல போட்டிருந்தா சரிதான் டீச்சர்" என்றார்.*

* கிரேக்கத்தில் 'சமம்', 'திரும்புதல்' என்ற இரண்டையும் ஒட்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்த 'ஐசோட்ரோபி' என்ற சொல்லுக்குத் தமிழ்தான் திசையொப்பு. சில படிகங்களுக்குள் ஒளி திசைக்கொரு வேகத்தில் போகிறது. அப்படிப் போகாத பொருள்களுக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. (அடிக்குறிப்பு எழுதும்போது மட்டும் நான் எதையும் அடித்துத் திருத்துவதில்லை.)

3

கட்டியவருக்கு வேட்டி துண்டு கொடுத்து அவரையே முதலில் மாடியேறச் சொல்வது ஹெப்சிபா வீட்டு வழக்கம். விருமாண்டி புதுத்துண்டைத் தோளில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஏழாவது படி போயிற்று.

பாஸ்டரின் ஜெபம் பாதிச் சொல்லில் நின்றது. ஆட்கள் ஓடி விருமாண்டியைத் தூக்கினார்கள். ஹெப்சிபா அசையவில்லை. சுவரில் மிச்சமிருந்த கல்லையே பார்த்தாள். முறிந்த முகம் வெண்ணெயைக் கத்தியால் வெட்டியதுபோல ஒரே நேராக இருந்தது. அவர் சொன்ன அதே திசை.

[ஒரு வரைவில் அவரைச் சாகடித்தேன். கோழைத்தனம். செத்திருந்தால் அடுத்து வருவதைச் சொல்லியிருக்க மாட்டார்.]

4

மருத்துவமனை. இடுப்பெலும்பு முறிவு. ஹெப்சிபா கையேட்டோடு போய் நின்றாள்.

"அண்ணே, புத்தகந்தான் தப்பு. நீங்க சொன்னதுதான் சரி."

"எனக்காகச் சொல்லாதீக டீச்சர். அச்சுல தப்பாப் போடுவாகளா? கல்லு மேல தப்பில்லேன்னா, பதிச்ச கையிலதான் தப்பு." அவர் கண் கலங்கியது. "முப்பது வருசமா எம்புட்டு வீட்டுக்குப் படி பதிச்சிருப்பேன்! வீடு வீடாப் போயி, பிள்ளைகள ஏறவிடாதீகன்னு சொல்லச் சொல்லி முத்துத்தாய அனுப்பியிருக்கேன். இனிமே சுத்தியலத் தொட மாட்டேன்."

முத்துத்தாய் அவர் மனைவி. அந்த நேரத்தில் அவள் திருப்பரங்குன்றத்தில் யாரோ ஒருவர் வாசலில் நின்று, தன் புருஷன் கட்டிய படி உடையும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதை எழுதியதும் பேனாவை மூடி வைத்தேன். உடைந்தது இடுப்பு மட்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

5

முடிவு ஒன்று: நான் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுகிறேன். அதுவும் எழுத்துதானே, தன் கையை விட்டுவிட்டு அதையும் நம்புவார், அல்லது— விடுங்கள்.

முடிவு இரண்டு: ஹெப்சிபா உடைந்த துண்டைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து கட்டிலில் வைக்கிறாள். விருமாண்டி கண்ணை மூடிக்கொண்டு முறிந்த முகத்தின் மேல் உள்ளங்கையை வைக்கிறார். விரல்கள் மெல்ல நகர்கின்றன, நிற்கின்றன, திரும்பி வருகின்றன.

அந்தக் கல்லைப் பற்றி அந்தக் கைக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டேன். மறுபடி சொல்ல மாட்டேன். அவர் வாய் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். நான் வெளியே நிற்கிறேன்.