நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

…இல்லை, இது அப்பாவாக இருக்க முடியாது, வலது கையில் இரண்டு விரல் இல்லாதவர்கள் கடற்கரையில் எத்தனையோ பேர் இருப்பார்கள், வலை இழுக்கும் வின்ச்சில் கயிறு சிக்கினால் யாருக்கும் போகும், ஐம்பத்தெட்டு வயது, சொந்தப் படகு, ஊர்ப் பஞ்சாயத்தில் இருப்பவர், பேட்டி எடுக்க வந்தவரிடம் முதலில் பன்னீர் சோடாவைக் குடியுங்கள், அப்புறம் கேளுங்கள் என்று சொன்னவர்… ஐயோ, அப்பாதான். பன்னீர் சோடா கொடுக்காமல் அவர் யாரையும் அனுப்பியதில்லை, ஃபியூஸைப் பிடுங்க வந்த ஆளுக்கே கொடுத்தவர். மவுசை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மணி மூன்றே முக்கால். ஐந்து மணிக்கு இந்தப் புத்தகத்தின் இன்டெக்ஸ் போயாக வேண்டும்.

என் வேலை, யாரோ எழுதிய தடித்தடிப் புத்தகங்களுக்குக் கடைசிப் பக்கங்களைச் செய்வது. அரசியல், சட்டம், பொருளாதாரம், பாதுகாப்பு என்று எங்கெங்கோ இருக்கும் பேராசிரியர்கள் எழுதுவார்கள், புதுச்சேரியில் ஒரு மூன்றாம் மாடியில் உட்கார்ந்து நாங்கள் கமாவைத் திருத்தி, பக்கம் கட்டி, எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் போட்டு அனுப்புவோம். பதினோரு வருஷமாக இதுதான். “படிக்காதீங்க அன்புசெல்வி, பாருங்க” என்பார் டீம் லீடர் இளஞ்செழியன் சார், படித்தால் வேகம் குறைந்துவிடுமாம். நியாயம்தான், அணுகுண்டு ஒப்பந்தத்தை நான் படித்து என்ன செய்யப்போகிறேன்? சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா மட்டும் கேட்பார், இன்னைக்கி இன்னா புக்கும்மா, வரிச்சட்டம்பா என்பேன், இல்லையென்றால் எல்லைச் சண்டைப்பா, ம் என்று சொல்லிவிட்டு வலையைப் பின்னப் போய்விடுவார். பெரிய விமர்சகர் என்று கிண்டல் செய்வேன்.

இது கடலோரப் பாதுகாப்பும் சட்டமும் பற்றிய புத்தகம். முந்நூற்று எண்பது பக்கம், விலையைச் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் மயக்கம் வரும். ஐந்தாம் அத்தியாயம் சுருக்குமடி வலை, குஞ்சுமீன் வரைக்கும் வாரிக்கொண்டு போகும், தடை செய்த வலை, அதை வைத்து ஊருக்கு ஊர் அடிதடி. டெல்லியிலிருந்து ஒரு பேராசிரியை வந்து பேட்டி எடுத்திருக்கிறார், பெயர்கள் இல்லை, ஊர் வெறும் ‘ஆ கிராமம்’, அப்பா வெறும் ‘மீனவர் ஏழு’. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் படிக்கப் படிக்க அவர் குரலே கேட்கிறது, அந்த இழுவை, நடுவில் அந்தச் செருமல். ‘வலை என் தம்பியுடையது. பஞ்சாயத்தில் சொன்னால் பொறாமை என்பார்கள். அதனால் அதிகாரிகளுக்கு நானே போன் செய்தேன். வலையை மட்டும் எடுப்பார்கள் என்று நினைத்தேன், படகையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு காட்டிக்கொடுத்தது இன்னொருவன் என்று ஊர் முடிவு செய்தது. அவனைத் தள்ளி வைக்கக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.’ நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், மேலிருந்து ஒன்பதாவது வரி.

அந்த இன்னொருவன் கோபிநாத் அண்ணன். சித்தப்பாவின் படகு பிடிபட்ட அன்று காலையில் மானிய டீசல் கார்டு விஷயமாக மீன்துறை ஆபீசுக்குப் போயிருந்தார், யாரோ பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஏழு வருஷமாக அவர் மீனை எங்கள் கரையில் ஏலம் விட மாட்டார்கள், எந்தப் படகிலும் ஆளாக ஏற்ற மாட்டார்கள், மாசி மகத்துக்கு சாமி வரும்போது அவர் வாசலில் மட்டும் நிற்காது. மனுஷன் இப்போது கடலூரில் எங்கேயோ வாட்ச்மேன், மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். பெண்டாட்டி நிர்மலாக்கா காலாப்பட்டு பஸ் ஸ்டாப்பில் வெளியூர் மீனை வாங்கிவந்து விற்கிறார். தினமும் அங்கேதான் இறங்குகிறேன். தினமும் போனைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சடை பின்னிவிட்ட அக்கா, என் முதுகில் ஒரு கண் இருப்பதுபோலக் கூசும், கூசட்டும், சித்தப்பாவின் வயிற்றில் அடித்த குடும்பம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்… சொல்லிக்கொண்டேனே, ஏழு வருஷம், எவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொண்டேன்! அப்பா மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

எங்களுக்கு ஒரு வழி உண்டு, ஆசிரியருக்கு க்வெரி போடலாம். வரியில் நாங்கள் கை வைக்கக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். கேட்டேன். ‘விரல்கள் பற்றிய விவரம் பேட்டி கொடுத்தவரை அடையாளம் காட்டிவிடலாம், நீக்கிவிடலாமா?’ அருமையான க்வெரி, இளஞ்செழியன் சார் பார்த்தால் மீட்டிங்கில் எல்லாருக்கும் படித்துக் காட்டுவார். விதிப்படியும் சரி, அப்பாவுக்கும் நல்லது, இரண்டும் ஒரே வரியில் எப்படிப் பொருந்திப் போகிறது பார்… அதுதான் உறுத்தியது. யாரிடமிருந்து காப்பாற்றுகிறேன்? ஊரில் இதை எவன் காசு கொடுத்து வாங்கப்போகிறான், வாங்கினாலும் எவன் இங்கிலீஷில் படிக்கப்போகிறான்? மீனவர் ஏழு யாரென்று கண்டுபிடிக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். கண்டுபிடித்தாயிற்று. இனி அந்த விரலை எடுத்து என்ன, வைத்து என்ன. க்வெரியை அழித்தேன். “இன்னும் அஞ்சாவது சாப்டர்லயா நிக்குறீங்க?” என்று சார் பின்னால் வந்து நின்றார், முடிச்சிட்டேன் சார் என்றேன், முடிக்கவில்லை. இன்டெக்ஸில் ‘ஊர்த் தண்டனை’ என்ற தலைப்பு ஏற்கெனவே இருந்தது, அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘குற்றமற்றவருக்கு, 143’. பெயர் இல்லாதவருக்கு என்னால் கொடுக்க முடிந்த இடம் அவ்வளவுதான். ஐந்து பத்துக்கு அனுப்பினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது, ஈசிஆரில் ஏறும் வரை ஒரே நெரிசல், பக்கத்தில் யுனிவர்சிடிப் பையன்கள் ஏதோ பரீட்சையைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்குப் போனதும் கேட்பார், இன்னைக்கி இன்னா புக்கும்மா. என்ன சொல்வது? சட்டம்பா என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மனுஷன் எதற்காக இதைத் தினமும் கேட்கிறார்… எப்போதிலிருந்து கேட்கிறார்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பிட்டியா என்றுதான் கேட்பார். இது அப்புறம் வந்தது. டெல்லியிலிருந்து ஒரு அம்மா வந்து எல்லாரையும் கேள்வி கேட்டுவிட்டுப் போகிறது என்று ஊரில் பேசிய வாரம், சாப்பிடும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே, “இவங்கல்லாம் போடுற புக்கு உங்க ஆபீசுக்குத்தான் வருமா?” என்றார். எனக்கோ அப்போதுதான் இன்டெக்ஸ் டீமில் இடம் கிடைத்த திமிர். உலகத்துல போடுற புக்கெல்லாம் எங்ககிட்ட வந்துட்டுத்தான் போவும், நீ வேணா பாரு என்று பீற்றிக்கொண்டேன். மறுநாள் அந்த அம்மாவைத் தேடிப் போய் அவரே வீட்டுக்குக் கூட்டிவந்தார், பேசமாட்டேன் என்று முதல் நாள் திருப்பி அனுப்பினவர்… ஆறரை வருஷம். இந்த மாதிரிப் புத்தகம் வெளியே வர அவ்வளவு நாளாகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான், என்றைக்கு என் கையில் வருமென்று ஒவ்வொரு நாளும் கேட்டாரா?

காலாப்பட்டில் இறங்கினேன். போனைப் பார்க்காமல் நடந்து நிர்மலாக்காவின் மீன் அன்னக்கூடைக்கு எதிரில் போய் நின்றேன். அக்கா ஈ விரட்டிக்கொண்டிருந்த அட்டையை நிறுத்தி, தலைமுடி எல்லாம் இப்படி நரைத்துவிட்டதா, என்னை நிமிர்ந்து பார்த்து “இன்னா வோணும்?” என்றார், யாரோ ஒரு கிராக்கியிடம் கேட்பதுபோல. அப்போதுதான் கைப்பையில் போன் அடித்தது. அப்பா.

“பஸ்ஸு எறங்கிட்டியா? லேட்டாவுது, அதான் போட்டேன்” என்றார். பின்னால் டிவி சத்தம். கொஞ்சம் பொறுத்து, எப்போதும்போல, “இன்னைக்கி இன்னா புக்கும்மா?”

“நம்ம ஊருதாம்பா” என்றேன்.

டிவியை யாரோ நிறுத்தினார்கள், வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. அதே செருமல் கேட்டது.

“எத்தினியாவது பக்கத்துல வருது?” என்றார்.

சொன்னேன். நிர்மலாக்கா அட்டையைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.