சின்னுசாமியின் வெள்ளணுக்கள்

1

இந்தக் கதை ஒரு எண்ணிலிருந்து பிறந்தது. 2004இல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் லேப்பில் வேலை பார்த்தேன். அருணாவின் ரத்தத்தில் வைரஸ் ஏறிக்கொண்டே போனதை முதலில் பார்த்தவள் நான்.

'கொல்லிமலையில் அன்று மழை...' (அடித்துவிட்டேன். மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது.)

2

அருணாவுக்கு ரத்தப் புற்றுநோய். அவளுக்கு எலும்பு மஜ்ஜை பொருந்தியது அண்ணன் சின்னுசாமியுடையது மட்டும். கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி யுவராஜை அவள் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டதிலிருந்து அண்ணன் தங்கைக்குள் பேச்சில்லை. மஜ்ஜை கொடுத்தார், பேசாமலே பஸ் ஏறிவிட்டார்.

மஜ்ஜை ஏற்றிய நாற்பதாம் நாள் அருணாவுக்குக் காய்ச்சல். நம்மில் பலர் உடம்பில் சத்தமில்லாமல் படுத்திருக்கும் வைரஸ்தான். மருந்துக்கு அடங்கவில்லை. புது மஜ்ஜையில் பிறந்த அணுக்களுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அண்ணன் ரத்தத்தில் அதோடு ஏற்கெனவே சண்டைபோட்டுப் பழகிய வெள்ளணுக்கள் இருந்தன.

"அதை ஏத்தலாம். ஆனா அது உங்க உடம்பையே தாக்கவும் செய்யலாம்" என்றார் டாக்டர்.

"ஏத்துங்க" என்றாள் அருணா. "அண்ணன் வருமான்னுதான் தெரியல."

3

யுவராஜ் மலையேறினான். இது அவனே லேப் வாசலில் உட்கார்ந்து சொன்னது.

சின்னுசாமி கிழங்குக் காட்டில் நின்றார்.

"உன்னைய ஆரு வரச் சொன்னா?"

"அருணாவுக்கு முடியலீங்க மச்சான். அந்தக் கிருமிய உங்க ரத்தத்துக்குத் தெரியுமாம்."

"எனக்கே தெரியாத கிருமிய என் ரத்தத்துக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல வந்து போயிருக்குமாமுங்க."

(இங்கே சின்னுசாமியை அழவைத்திருந்தேன். நம்ப முடியவில்லை, எடுத்துவிட்டேன்.)

அவர் கை கழுவினார். "கீழ காரவள்ளிக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

4

ஏற்றினார்கள். பத்தாம் நாள் அருணாவின் உள்ளங்கை சிவந்து தடித்தது. டாக்டர் பயந்தது போலவே. மாத்திரையில் தணிந்தது. மூன்றாம் வாரம் வைரஸ் இல்லை. நம்பாமல் இரண்டாம் முறை பார்த்தேன். இல்லை.

5

முடிவு மூன்று எழுதினேன். ஒன்றில் அண்ணன் மன்னிப்புக் கேட்டார். ஒன்றில் அவள் கேட்டாள். மூன்றாவதில் அவர் சொல்லாமல் ஊருக்குப்...

இதில் எதுவும் நடக்கவில்லை. நடந்தது இதுதான். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான். உள்ளே, முகமூடி கட்டிய சின்னுசாமி கட்டிலருகே குனிந்து ஏதோ சொன்னார். மூன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. அருணா முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

அந்த வார்த்தையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டாம். அவர் குனிந்தது ஒரு மூச்சு நேரம்தான்.